தாலரும் சில்லறையும்: 1622இல் இரு சகோதரர்கள் அடித்த வெள்ளி

1622ஆம் ஆண்டில் லிப்ஷ்டாட் நகரத்தில் அடிக்கப்பட்ட ஒரு வெள்ளித் தாலரில் மன்னர் முகம் கிடையாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு வரி எழுத்து. ‘கடவுளின் நண்பன், பாதிரிகளின் பகைவன்’ என்று அதற்குப் பொருள். மறுபக்கத்தில் மேகத்துக்குள்ளிருந்து கவசம் பூண்ட கை ஒன்று நீள்கிறது. கையில் ஓங்கிய வாள். அதைச் சுற்றி, ‘எல்லாம் கடவுளோடு’ என்ற பொருளில் பிரெஞ்சு வாசகமும் ஆண்டும். அடிக்கச் சொன்னவர் பிரவுன்ஷ்வைக் குடும்பத்து கிறிஸ்டியான். அப்போது அவருக்கு வயது 22. ஹால்பர்ஷ்டாட் மறைமாவட்டத்தின் நிர்வாகி என்ற பதவியில் இருந்தபடி, அந்த வருமானத்தைத் தின்றுகொண்டே, பாதிரிகளின் பகைவன் என்று அறிவித்துக்கொள்வதில் அவருக்குச் சங்கடம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

வெள்ளி வந்த வழி ஊரறிந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிறிஸ்டியானின் படை பாடர்போர்ன் நகரைப் பிடித்தது. பேராலயத்தின் கருவூலத்தைத் துடைத்து எடுத்தது. புனித லிபோரியஸின் எலும்புகளைத் தாங்கியிருந்த பேழையும் உலைக்குப் போனது. அப்போஸ்தலர்களின் வெள்ளிச் சிலைகளைக் கண்ட கிறிஸ்டியான், உலகெங்கும் போகச் சொல்லித்தானே உங்களுக்குக் கட்டளை, இங்கே ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டாராம். கதைதான். ஆனால் தாலர் கதையில்லை. சேகரிப்பாளர்களிடமும் அருங்காட்சியகங்களிலும் இன்றும் இருக்கிறது. நிறையிலும் மாற்றிலும் பேரரசின் சட்டத் தாலரை ஒட்டியே நிற்கிறது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு காசை வைக்க வேண்டும். அதே ஆண்டுகளில் கிறிஸ்டியானின் அண்ணன், பிரவுன்ஷ்வைக்-வொல்ஃபன்பியூட்டல் கோமகன் ஃப்ரீட்ரிஷ் உல்ரிஷின் நாட்டில் அடிக்கப்பட்ட க்ரோஷன் அது. சிலுவை சூடிய உருண்டையும் அதற்குள் 24 என்ற எண்ணும் அந்தக் காசு வகையின் அடையாளம்: 24 சேர்ந்தால் ஒரு தாலர் என்பது வாக்குறுதி. காசு மெல்லியது. பட்டறையிலிருந்து வந்த அன்று வெள்ளை. சில நாள் கைமாறியதும் சிவப்பு. வாக்குறுதியை நம்பி 24 காசை எண்ணி வைத்தவருக்கு எந்தச் சராப்பும் தாலர் கொடுத்திருக்க மாட்டார்.

தம்பி முழுநேரப் போர்க்காரர். அண்ணன் அப்போது யாரோடும் போரில் இல்லை. நல்ல வெள்ளி தம்பியுடையது, கெட்ட வெள்ளி அண்ணனுடையது.

கேள்வி

1619 முதல் 1623 வரையிலான காலத்தை ஜெர்மானியர் ‘கிப்பர்–விப்பர் காலம்’ என்பர். முப்பதாண்டுப் போரின் முதல் ஐந்தாண்டுகளோடு அது பொருந்திப்போவதால் ஒரு விளக்கம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது: போருக்குப் பணம் தேவை, பணத்துக்கு வெள்ளி தேவை, வெள்ளி போதவில்லை, ஆகவே செம்பைக் கலந்தார்கள். பாடப்புத்தகங்களுக்கு இது போதும். போர்க்காரத் தம்பியின் முழுநிறைத் தாலரும் போரில்லா அண்ணனின் செப்புக் க்ரோஷனும் இந்த விளக்கத்துக்குள் அடங்க மறுக்கின்றன.

ஆய்வாளர்கள் இதை வெவ்வேறு திசைகளிலிருந்து அணுகியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் கடந்தகாலத்தைப் படம்படமாக எழுதிய குஸ்டாவ் ஃப்ரைடாக், இதை ஒரு பேராசைக் காய்ச்சலாகவே சித்திரித்தார். அக்காலத் துண்டுப்பிரசுரங்களை ஆராய்ந்த ஃப்ரிட்ஸ் ரெட்லிஷின் 1972ஆம் ஆண்டு நூல், சமகாலத்தவர் அதை எப்படிப் புரிந்துகொண்டனர் என்பதைக் காட்டியது. சார்ல்ஸ் கிண்டில்பெர்கர் 1991இல் எழுதிய கட்டுரை எல்லைகளைக் கவனித்தது: ஒரு நாட்டின் கெட்ட காசு பக்கத்து நாட்டுக்குள் போய் நல்ல காசை வாங்கி வருகிறது, பாதிக்கப்பட்ட நாடு தானும் அதையே செய்யத் தொடங்குகிறது, தொற்றுநோய்போல் அது பரவுகிறது. தாமஸ் சார்ஜென்டும் பிரான்சுவா வெல்டும் 2002இல் வெளியிட்ட நூல், ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் தீராதிருந்த சில்லறைக் காசின் சிக்கலுக்குள் இதை வைத்துப் பார்த்தது. மார்த்தா வைட் பாஸ் 2012இல், படத்தோடு அச்சான ஒற்றைத்தாள் பிரசுரங்களைத் திரட்டித் தந்தார்.

இவற்றை ஒருசேரப் படிக்கும்போது தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடலாம். வெள்ளியைக் கெடுக்கும் பொறி போருக்கு முன்பே பேரரசின் நாணயச் சட்டத்துக்குள் இருந்தது. போர் அதை முடுக்கிவிட்டது. பொறி நின்றபோது போர் நிற்கவில்லை. இன்னும் 25 ஆண்டுகள் ஓடியது.

சட்டத்துக்குள் இருந்த நட்டம்

அன்றைய ஜெர்மனி என்பது ஒரு நாடு இல்லை. கோமகன்கள், பிரபுக்கள், ஆயர்கள், தன்னாட்சி நகரங்கள் என நூற்றுக்கணக்கான அதிகாரங்கள் புனித ரோமப் பேரரசு என்ற கூரையின் கீழ் இருந்தன. அவற்றில் பலவற்றுக்கு நாணயம் அடிக்கும் உரிமை உண்டு. இந்தக் கூட்டத்தை ஒரே நிறைக்குள் கொண்டுவரப் பேரரசு 1524, 1551, 1559 ஆகிய ஆண்டுகளில் நாணயச் சட்டங்களை இயற்றியது. 1566இல் தாலருக்கு இறுதி வடிவம் கிடைத்தது.

கணக்கு இது. கொலோன் மார்க் என்ற எடை ஏறத்தாழ 233.9 கிராம். அந்த எடையுள்ள கலவையிலிருந்து 8 தாலர் அடிக்க வேண்டும். மாற்று 16 லோட்டுக்கு 14 லோட் 4 கிரேன். அதாவது ஆயிரத்துக்கு 889 பங்கு வெள்ளி. ஒரு தாலரின் நிறை 29.2 கிராம், அதற்குள் இருக்கும் சுத்த வெள்ளி 26 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு மார்க் தூய வெள்ளிக்குச் சரியாக 9 தாலர்.

தாலர் நன்றாகத்தான் இருந்தது. கோளாறு க்ராய்சர், ஃபெனிங் போன்ற சிறு காசுகளில்.

ஒரு மார்க் கலவையில் 8 தாலர் அடிக்க 8 வில்லைகள் வெட்டினால் போதும். அதே மார்க்கில் க்ராய்சர் அடிக்க இருநூறுக்கும் மேற்பட்ட வில்லைகள் வெட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் தட்டி, வெளுத்து, அச்சுக்கு அடியில் வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டும். சுத்தியல் அடிக்கிறவருக்கு எந்தக் காசானாலும் கை ஒன்றுதான். கூலியும் கரியும் தேய்மானமும் சிறு காசில் பல மடங்கு. ஆனால் சட்டமோ சிறு காசும் முகமதிப்புக்கு ஏறக்குறைய ஈடான வெள்ளியைச் சுமக்க வேண்டும் என்றது. சட்டப்படி க்ராய்சர் அடித்த ஒவ்வொரு நாணயச்சாலைக்கும் நட்டம் உறுதி. சந்தைக்கோ சில்லறை வேண்டும். ரொட்டியும் பீரும் தாலரில் வாங்க முடியாது.

இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. சில்லறையே அடிக்காமல் இருக்கலாம். அல்லது சட்டத்தை மீறி மாற்றைக் குறைக்கலாம். நேர்மையான நாணயச்சாலைகள் முதல் வழியைத் தேர்ந்தன. அதனால் விட்ட இடத்தை மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பேரரசு இதை அறியாமல் இல்லை. நிலங்களை வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு மூன்று நான்கு நாணயச்சாலைகள் மட்டும் என்று 1570இல் ஷ்பெயர் பேரவை வரம்பு கட்டியது. சொந்தச் சுரங்கம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. வட்டாரத்தின் ‘சோதனை நாட்களில்’ மாதிரிக் காசுகளை உரைத்துப் பார்த்தார்கள். அப்படியும் ஒளிவுமறைவாக இயங்கிய பட்டறைகள் பெருகின. ஜெர்மன் மொழியில் அவற்றுக்கு ‘வேலிப்புதர் நாணயச்சாலை’ என்றே பெயர்.

இதன் விளைவைத் தாலரின் விலையில் படிக்கலாம். 1566இல் ஒரு தாலருக்கு 68 க்ராய்சர். 1618இல், போர் மூண்ட ஆண்டில், 90ஐத் தாண்டியிருந்தது. தாலரின் வெள்ளி குறையவும் இல்லை, கூடவும் இல்லை. க்ராய்சரின் வெள்ளிதான் கசிந்துகொண்டிருந்தது. அரை நூற்றாண்டு அமைதியில் சில்லறை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மதிப்பை இழந்துவிட்டது. முதல் குண்டு வெடிக்கும் முன்பே நோய் ஊருக்குள் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஏறி இறங்கும் தட்டு

‘கிப்பன்’ என்றால் சாய்தல். விளிம்பை நறுக்குவதையும் அச்சொல் குறித்தது. ‘விப்பன்’ என்றால் ஊஞ்சற்பலகைபோல் ஏறி இறங்குதல். தராசின் அசைவிலிருந்து வந்த பெயர் என்று பொதுவாகச் சொல்வார்கள். தொழிலும் தராசில்தான் இருந்தது.

நாணயச்சாலை ஒவ்வொரு காசையும் தனித்தனியே நிறுப்பதில்லை. ஒரு மார்க் எடைக்கு இத்தனை காசு என்று எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். கையால் வெட்டிய வில்லைகளில் ஒன்று சற்றுக் கனமாகவும் ஒன்று சற்று லேசாகவும் இருக்கும். கிப்பர் செய்தது இதுதான்: பை நிறையக் காசை வாங்கி, ஒவ்வொன்றாகத் தட்டில் போட்டு, கனமானதைப் பொறுக்கி எடுத்து, லேசானதைச் சந்தைக்கே திருப்பி அனுப்பினார். கனமானவை உலைக்குப் போயின. உலையிலிருந்து வந்த வெள்ளியை மாற்றுக் குறைந்த காசு அடிக்கும் பட்டறை அதிக விலைக்கு வாங்கியது. அந்தக் காசை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய் மறுபடியும் நல்ல காசு. முதலீடு ஒரு தராசும் ஒரு குதிரையும்.

பட்டறைக்குள் நடந்ததும் நுணுக்கமானது. செம்பு மிகுந்த கலவை இயல்பில் சிவந்திருக்கும். வில்லைகளை மதுப் பீப்பாயின் அடியில் படியும் உப்பும் சாதாரண உப்பும் கலந்த நீரில் கொதிக்கவிட்டால், மேற்பரப்பிலுள்ள செம்பு கரைந்து, வெள்ளித் தோல் மட்டும் வெளியே தெரியும். இது நேர்மையான பட்டறையிலும் நடக்கும் வழக்கமான வேலைதான். ஆனால் 1621–22இல் அடித்த காசுகளில் அந்தத் தோலுக்கு அடியில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. விரல் பட்டுப் பட்டு ஒரு வாரத்தில் தோல் தேய்ந்து செம்பு எட்டிப் பார்த்தது. வீட்டுக் கொப்பரைகளும் குழாய்களும் கூரைத் தாரைகளும் காசாக மாறியதை ஃப்ரைடாக் விவரிக்கிறார். வெள்ளி நாணயத்தின் வரலாற்றில் செம்பின் விலை ஏறிய காலம் இது!

பிராகாவின் குத்தகை

போருக்கு இதில் பங்கே இல்லை என்று வாதிட்டால் பொஹீமியா குறுக்கே வந்து நிற்கும். அங்கே 1618இல் கிளர்ச்சி செய்தவர்களும், அடுத்து அவர்கள் அரியணை ஏற்றிய பாலட்டினேட் ஃப்ரீட்ரிஷும், படைச் சம்பளத்துக்காகவே மாற்றைக் குறைத்தார்கள். போருக்கு முன் ஒரு மார்க் வெள்ளியிலிருந்து, குல்டன் என்ற கணக்குப் பணத்தில் 19 மதிப்புள்ள காசு அடித்த இடத்தில், 27 ஆனது. 1620 நவம்பர் 8இல் வெண்மலைப் போரில் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் வென்றார். வென்றவர் எண்ணைக் கீழே இறக்கவில்லை, இன்னும் ஏற்றினார்.

1622 ஜனவரி 18இல் கையெழுத்தான ஒப்பந்தம் இந்த வரலாற்றின் மிகத் துணிச்சலான ஆவணம். பொஹீமியா, மொராவியா, கீழ் ஆஸ்திரியா ஆகியவற்றின் நாணய உரிமை முழுவதையும் 15 பேர் கொண்ட கூட்டுக்கு ஓராண்டுக் குத்தகைக்கு விட்டார் பேரரசர். குத்தகைத் தொகை 60 லட்சம் குல்டன். மார்க் ஒன்றுக்கு 79 குல்டன் அடிக்கலாம் என்பது நிபந்தனை. கூட்டில் பேரரசரின் ஆளுநர் கார்ல் ஃபொன் லீச்டென்ஸ்டைன் இருந்தார். படைத்தலைவர் வாலென்ஷ்டைன் இருந்தார். ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்து பிராகாவில் குடியேறிய கால்வினிய வங்கியாளர் ஹான்ஸ் டி விட்ட இருந்தார். பிராகா யூத சமூகத்தின் தலைவர்களில் ஒருவரான யாக்கோப் பசேவி இருந்தார். ஓராண்டில் 4 கோடி குல்டனுக்கு மேல் முகமதிப்புள்ள காசு வெளிவந்ததாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். 150 க்ராய்சர், 75 க்ராய்சர் என்று பொறித்த இந்தக் காசுகளுக்கு ‘நீண்ட காசு’ என்று பெயர் வந்தது.

இங்கே நின்று பார்க்க வேண்டும். இந்தப் பணம் படைக்கு மட்டும் போகவில்லை. தோற்ற புரொட்டஸ்டன்ட் பிரபுக்களின் நிலங்கள் பறிமுதலாகி விற்பனைக்கு வந்த நேரம் அது. கூட்டின் உறுப்பினர்களும் அவர்களுக்கு வேண்டியவர்களும் அந்த நிலங்களை நீண்ட காசிலேயே வாங்கினார்கள். வாலென்ஷ்டைனின் ஃப்ரீட்லண்ட் ஆட்சிப்பகுதி இந்தக் கொள்முதல்களின் மேல் எழுந்தது. அச்சடித்த செம்பைக் கொடுத்து அசையாச் சொத்தை வாங்குவது! போர்ச் செலவு என்ற தலைப்பில் எழுதப்பட்ட கணக்கில் சொத்து மாற்றம் என்ற வரி ஒளிந்திருந்தது. 1623 டிசம்பரில் அரசே இந்தக் காசின் மதிப்பைப் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவுக்கு வெட்டியது. செக் மொழியில் அந்த வீழ்ச்சியைக் ‘கலாடா’ என்பார்கள். அதற்குள் நிலம் வாங்கியவர்கள் வாங்கி முடித்துவிட்டார்கள்.

போரில்லா நிலத்தின் பட்டறைகள்

பிரவுன்ஷ்வைக்-வொல்ஃபன்பியூட்டல் கீழ்ச் சாக்சனி வட்டாரத்தைச் சேர்ந்தது. அந்த வட்டாரம் போருக்குள் முழுமையாக இறங்கியது 1625இல், டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியானின் தலைமையில். அதற்கு முன்பே பிரவுன்ஷ்வைக்கில் காசுப் பட்டறைகள் பெருகிவிட்டன. 1620இல் 17; 1623இல் 40. வட்டாரத்துக்கு மூன்று நான்கு என்று சட்டம் சொன்னது, ஒரே கோமகனின் நாட்டில் இத்தனை.

ஃப்ரீட்ரிஷ் உல்ரிஷ் பலவீனமான ஆட்சியாளர். 1616 முதல் 1622 வரை உண்மையான அதிகாரம் ‘லண்ட்ட்ரோஸ்டன்’ எனப்பட்ட சில பிரபுக்களிடம் இருந்தது. அன்டோன் ஃபொன் டெர் ஷ்ட்ரைட்ஹோர்ஸ்ட் அவர்களில் முதல்வர். பட்டறைகள் அவர்கள் ஆட்சியில்தான் பெருகின. கோமகனின் தாயார் எலிசபெத் டென்மார்க் அரசரின் சகோதரி. அந்த அரசரின் துணையோடுதான் 1622இல் இவர்களின் ஆட்சி கவிழ்ந்தது.

இங்கே வெள்ளிப் பஞ்சம் என்ற வாதம் எடுபடாது. ஹார்ட்ஸ் மலையில் இந்தக் குடும்பத்துக்குச் சொந்தமான சுரங்கங்கள் இருந்தன. செல்லர்ஃபெல்டில் 1601இலேயே ஒரு நாணயச்சாலை வைத்திருந்தார்கள். மரத்தைக் கையில் பிடித்த காட்டுமனிதன் உருவம் பொறித்த முழுநிறைத் தாலர்கள் இந்தக் குடும்பத்தின் அடையாளம். ஃப்ரீட்ரிஷ் உல்ரிஷ் பெயரிலும் அவை தொடர்ந்தன. ஒரே கோமகனின் பெயரில் ஒரு பட்டறை தாலரைச் சுத்தமாக அடிக்க, இன்னொரு பட்டறை செம்பை வெளுத்துக்கொண்டிருந்தது. முரண்பாடு போலத் தோன்றும் இதுதான் பொறியின் இயக்கமே. பெரிய நாணயம் எல்லை தாண்டும் வணிகத்துக்கும் சேமிப்புக்கும் உரியது. அதன் மாற்றில் கைவைத்தால் அன்றே தெரிந்துவிடும். சில்லறை எண்ணிக் கொடுக்கப்படுவது. சந்தைக்காரி தராசில் போட்டுப் பார்ப்பதில்லை. சாக்சனியின் தேர்வரசர் யோஹன் கியோர்க் அடித்த ‘தேவதைத் தாலர்’கூட உருவத்தில்தான் தாலர், அதன்மேல் பொறித்த மதிப்பு 60, 40, 20 என க்ரோஷன் கணக்கில் இருந்தது. சட்டத் தாலரின் பெயரை யாரும் தொடத் துணியவில்லை.

இந்தக் குடும்பத்தின் பாட்டனார் கோமகன் யூலியுஸ் 1574 முதல் அடித்த ‘லோசர்’களை இங்கே நினைவுகூரலாம். 16 தாலர் மதிப்பு வரை போன பெருநாணயங்கள் அவை. வசதிக்கேற்ப ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருக்க வேண்டும், விற்கக் கூடாது, நாட்டுக்கு ஆபத்து வந்தால் எடுத்துத் தர வேண்டும் என்று குடிகளுக்குக் கட்டளையிட்டார். போருக்கான சேமிப்பைக் குடிகளின் பெட்டிகளில் முழு வெள்ளியாக வைத்தார் பாட்டனார். பேரன் காலத்தில் அவ்வளவும் உலைக்கு ஏற்ற கொழுத்த இரை.

யாருடைய பை

1622இல் தென்ஜெர்மனியின் சில இடங்களில் ஒரு தாலருக்கு 600 க்ராய்சருக்கு மேல் கேட்டார்கள். ஐம்பதாண்டு கசிந்த கசிவு நான்காண்டில் ஆறு மடங்குக்கு மேல் பெருகியது.

அடிபட்டவர்களில் முன்வரிசை நிலையான சம்பளக்காரர்கள்: பாதிரியார், பள்ளி ஆசிரியர், எழுத்தர், வட்டியில் வாழ்ந்த விதவை. அவர்களுக்குத் தரப்பட்ட குல்டனின் எண்ணிக்கை மாறவில்லை; அது வாங்கும் ரொட்டி மாறியது. உழவர்கள் தானியத்தைச் சந்தைக்குக் கொண்டுவர மறுத்தார்கள். கடன் வாங்கியிருந்தவர்களுக்கோ கொண்டாட்டம். முழு வெள்ளியில் வாங்கிய கடனைச் செம்பில் அடைத்தார்கள். மக்டெபர்க்கில் 1622இல் மூண்ட கலவரத்தில் உயிர்கள் போயின.

பாதிக்கப்பட்டவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் அதிகம் என்பதால் அச்சகங்கள் ஓயவில்லை. ஆந்திரியாஸ் லாம்பெ என்ற பாதிரியார் 1621இல் லைப்ஸிஷில் வெளியிட்ட பிரசங்கத்தின் தலைப்பு, கிப்பர்களைப் பிசாசின் கடைசிக் குஞ்சுகள் என்கிறது. ஒற்றைத்தாள் படங்களில் தராசு பிடித்த வணிகனின் தோளில் பிசாசு உட்கார்ந்திருக்கும். நாணயச்சாலையைக் குத்தகைக்கு விட்ட பிரபுவின் தோள் பொதுவாகக் காலியாக இருக்கும். தணிக்கைக்கு அஞ்சியது ஒரு காரணம். ஆண்டவன் நியமித்த அதிகாரம் தவறு செய்யாது என்ற லூத்தரன் மனப்பழக்கம் இன்னொன்று.

பழியில் பெரும்பங்கு யூதர்கள் தலையில் விழுந்தது. பிராகா கூட்டின் கணக்கே அதற்கு மறுப்பு. ஹான்ஸ் டி விட்ட கொண்டுவந்த வெள்ளி 4 லட்சம் மார்க்குக்கும் மேல். பசேவி கொண்டுவந்தது ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மார்க் ஒன்றுக்குப் பசேவிக்குக் கிடைத்தது 46 குல்டன், டி விட்டவுக்கு 78, வாலென்ஷ்டைனுக்கு 123, ஆளுநர் லீச்டென்ஸ்டைனுக்கு 569 என்று அந்தக் கணக்கை ஆராய்ந்தவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். ஒரே வெள்ளிக்கு ஆளைப் பார்த்து விலை. டி விட்ட பின்னாளில் வாலென்ஷ்டைனின் படைகளுக்குக் கடன் கொடுத்துக் கொடுத்து, 1630இல் வாலென்ஷ்டைன் பதவி இழந்ததும் திவாலாகி, தன் வீட்டுக் கிணற்றில் விழுந்து இறந்தார்.

1623

நின்றது எப்படி? ஒழுக்கப் பிரசங்கங்களால் இல்லை. வரி வசூலால்.

கெட்ட காசை வெளியே தள்ளும்வரை லாபம். ஆனால் வெளியே போன காசு வரியாகவும் குத்தகையாகவும் அபராதமாகவும் அரண்மனைக்கே திரும்பி வந்தது. பக்கத்து நாட்டுக்காரனும் அதையே செய்ததால் அவனுடைய செம்பும் சேர்ந்து வந்தது. உருக்குவதற்கு நல்ல காசு சந்தையில் மிஞ்சவில்லை. கருவூலங்களே தங்கள் கைச்சரக்கை வாங்க மறுக்கும் நிலை வந்ததும் உடன்பாடு எளிதானது. 1623இல் தென்பகுதி வட்டாரங்கள் தாலரை 90 க்ராய்சர் என்று நிறுத்தின; சாக்சனிப் பகுதிகள் 24 க்ரோஷனுக்குத் திரும்பின. கெட்ட காசு உலோக மதிப்புக்கு வாங்கப்பட்டது. நட்டம் அது கடைசியாக யார் கையில் இருந்ததோ அவருக்கு. போர் அப்போது ஐந்தாண்டுக் குழந்தை. 1648 வரை அது தின்ற பணத்தோடு ஒப்பிட்டால் முதல் ஐந்தாண்டுச் செலவு சிறியது. ஆனாலும் அந்த 25 ஆண்டுகளில் இதே அளவு சீரழிவு திரும்பவில்லை. போர்தான் காரணம் என்பவர்கள் இந்த மௌனத்தை விளக்க வேண்டும்.

தப்பிக்க வேறு வழி கண்டவர்களும் உண்டு. ஹாம்பர்க் வணிகர்கள் ஆம்ஸ்டர்டாமின் மாதிரியில் 1619இல் ஒரு வங்கியைத் தொடங்கினார்கள்; நியூரம்பெர்க் 1621இல் தொடங்கியது. தாலரைக் கொண்டுவந்து வைத்தால் ஏட்டில் வரவு; கொடுக்கல் வாங்கல் ஏட்டிலேயே நடக்கும்; காசு கைமாறாது, ஆகவே தேயவும் தேயாது. கிப்பரின் தராசுக்கு எட்டாத தூரத்தில் பணத்தை நிறுத்தினார்கள். ஹாம்பர்க் வங்கி 1870களின் நடுப்பகுதி வரை நீடித்தது. இசபெல் ஷ்னாபெலும் ஹ்யூன் சோங் ஷின்னும் 2018இல் எழுதிய ஆய்வறிக்கை, இன்றைய எண்மப் பணத்தைப் பற்றிப் பேச இந்த வங்கிகளிடமிருந்துதான் தொடங்குகிறது.

எஃப்ரைம் காசு

போரும் வெள்ளிக் கேடும் உண்மையிலேயே ஒரே கையில் இருந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு 130 ஆண்டுகள் கழித்து ஒரு சான்று கிடைக்கிறது. 1756இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரீட்ரிஷ் சாக்சனிக்குள் புகுந்தபோது லைப்ஸிஷ் நாணயச்சாலையும் அதன் அச்சுகளும் அவர் கைக்கு வந்தன. ஆறாண்டுக்கு முன் அவருடைய நாணய அதிகாரி கிரௌமன் பிரஷ்யாவுக்கு வகுத்த நிறை, தூய வெள்ளி மார்க்குக்கு 14 தாலர். இப்போது ஃபைட்டல் ஹைன எஃப்ரைம், டானியேல் இட்ஸிக் ஆகியோரின் நிறுவனத்துக்கு நாணயச்சாலைகள் குத்தகையாயின. படிப்படியாக மார்க்குக்கு 20 தாலரை ஒட்டி, பிறகு 30, இறுதியில் 40 தாலருக்கும் மேல் அடித்தார்கள்.

தந்திரம் தேதியில் இருந்தது. காசின் முகத்தில் இருந்தவர் சாக்சனியின் தேர்வரசரும் போலந்தின் அரசருமான மூன்றாம் ஆகஸ்ட். ஆண்டு 1753. அதாவது போருக்கு முந்தைய, நல்ல வெள்ளிக் காலத்து ஆண்டு. முகம் எதிரியுடையது, லாபம் பிரஷ்யாவுடையது. போலந்துச் சந்தைகள் அந்தக் காசை வாங்கிக்கொண்டு தானியத்தையும் குதிரைகளையும் கொடுத்தன. போர்ச் செலவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இவ்வகை வருமானத்தில் வந்ததாக மதிப்பிடுகிறார்கள். மக்கள் வைத்த பெயரில் மன்னர் இல்லை. ‘எஃப்ரைம் காசு’ என்றார்கள். குத்தகைக்காரர் பெயர் நின்றது, குத்தகைக்கு விட்டவர் பெயர் நழுவியது. 1622இன் ஒற்றைத்தாள் படங்களில் காலியாக இருந்த அதே தோள்.

ப்ரெஸ்லௌவில் நாணயச்சாலையையும் மேற்பார்த்த தளபதி டௌஎன்ட்சீனின் செயலாளராக 1760 முதல் இருந்தவர் நாடகாசிரியர் லெஸ்ஸிங். போர் முடிந்த கையோடு சம்பளமும் மானமும் சந்தேகத்துக்குள்ளான ஓர் அதிகாரியைப் பற்றி அவர் எழுதிய ‘மின்னா ஃபொன் பார்ன்ஹெல்ம்’ நாடகத்தைக் காசுகளின் பின்னணியோடு படிப்பவர்கள் குறைவு. படித்துப் பார்க்கலாம்.

1622க்கும் எஃப்ரைம் காசுக்கும் வேறுபாடு தெளிவானது. பிரஷ்யாவில் ஒரே அரசு திட்டமிட்டுச் செய்தது, போர் முடிந்ததும் திட்டமிட்டே நிறுத்தியது. 1764இல் 14 தாலர் நிறைக்குத் திரும்பியது. சாக்சனியும் 1763இல் மார்க்குக்கு 10 தாலர் என்ற உடன்படிக்கை நிறையை ஏற்றது. கிப்பர் காலத்தில் திட்டம் என்று ஒன்று இருந்தது பிராகாவில் மட்டும். மற்ற இடங்களில் பக்கத்து வீட்டுக்காரன் எடுப்பதற்குள் நாம் எடுத்துவிடுவோம் என்ற ஓட்டம்.

மறுபடியும் லிப்ஷ்டாட்

கிறிஸ்டியான் ஏன் நல்ல தாலர் அடித்தார்? அவருடைய நேர்மைக்கு இதில் இடமில்லை. வெள்ளிக்கு அவர் விலை கொடுக்கவில்லை; எனவே கலப்படத்தால் மிச்சமாகும் தொகை அவரை ஈர்த்திருக்க வேண்டிய அவசரம் குறைவு. கூலிப்படைச் சந்தையோ எல்லை கடந்தது. ஆள் சேர்க்கும் தளபதி இன்று இவருக்கு, நாளை ஹாலந்துக்கு. அவர்களுக்குக் கொடுக்கும் பணம் எங்கும் செல்ல வேண்டும். எங்கும் செல்வது தாலர் மட்டும்தான். இன்னொன்றும் உண்டு: அவருக்கென்று வரி செலுத்தும் சந்தையோ சில்லறை தேடும் குடிகளோ லிப்ஷ்டாட்டில் இல்லை. பொறிக்குத் தேவையான இரை, அதாவது எண்ணி வாங்கும் ஏமாளிச் சந்தை, அண்ணனிடம் இருந்தது, தம்பியிடம் இல்லை.

இந்த விளக்கத்துக்கு எதிராக ஒரு வாதம் வைக்கலாம். பாலட்டினேட் ஃப்ரீட்ரிஷின் படையும் கூலிப்படைதான். அவர் ஏன் மாற்றைக் குறைத்தார்? அவரிடம் ஒரு நாடு இருந்தது என்பதே பதில். படைவீரன் வாங்க மறுத்த காசைக் குடிகள் தலையில் கட்ட அவருக்கு ஒரு பொஹீமியா இருந்தது, ஓர் ஆண்டு மட்டும்.

1622 ஜூனில் ஹோக்ஸ்ட் அருகே மைன் நதியைக் கடக்கும்போது கிறிஸ்டியானின் படையைக் கத்தோலிக்கத் தளபதி தில்லி நொறுக்கினார். ஆட்களையும் வண்டிகளையும் இழந்த கிறிஸ்டியான் பணப்பெட்டியை மட்டும் அக்கரை சேர்த்தார். ஆகஸ்டில் ஃப்ளூரூஸில் ஒரு கையை இழந்தார். 1626இல், 26 வயதில், காய்ச்சலில் இறந்தார். அடுத்த ஆண்டு லிபோரியஸின் எலும்புகள் பாடர்போர்னுக்குத் திரும்பின. ட்ரிங்கன்பெர்க் ஊர்ப் பொற்கொல்லர் ஹான்ஸ் க்ராகோ அவற்றுக்காக 1627இல் ஒரு புதிய பேழை செய்துகொடுத்தார். அதுவும் வெள்ளியில், பொன் முலாமிட்டு.